சேற்றுப்புண்ணுக்கு ஒரு காப்புரிமை

மன்னார்குடியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பக்கத்துக் கிராமம். எங்கள் தெருவில் டி.பார்ம் படித்த முதல் பெண் நான்தான் என்று நிறையப் பேர் பாராட்டிவிட்டார்கள். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டாம். முதல் பெண் என்றால், அதற்கு முன்னால் யாரையும் படிக்க விடவில்லை என்று அர்த்தம்.

ஒரு குறுவைப் பருவம். வாய்க்கால்களில் தண்ணீர் வந்து நடவு தொடங்கியிருந்தது. மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் கவுண்டரில் ஒரு டியூபை வைத்தார். அட்டைப்பெட்டியில் நாற்று நடும் பெண்ணின் படம். நல்ல சிரிப்பு. காலில் ஒரு துளி சேறு கிடையாது. சேற்றுப்புண்ணுக்கான களிம்பாம். உள்ளே இருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். மருதாணி இலை, கடுக்காய், மஞ்சள், வேப்பெண்ணெய். காலைக் கழுவி, இளஞ்சூட்டில் உலர்த்தி, விரல் இடுக்கில் உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தடவ வேண்டும். கீழே பொடி எழுத்தில், 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று போட்டிருந்தது.

"இதை யாரு சார் கண்டுபிடிச்சது?"

"எங்க ரிசர்ச் டீம் மேடம். பல வருஷ ஆராய்ச்சி."

"எந்த வயல்ல நின்னு ஆராய்ச்சி பண்ணாங்க?"

"நல்லா ஜோக் அடிக்கிறீங்க மேடம்" என்று சிரித்தார். நான் ஜோக் அடிக்கவில்லை.

சேற்றுப்புண் என்றால் என்னவென்று ஏ.சி. அறையில் அரிசி தின்கிறவர்களுக்குத் தெரியாது. நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் கால்விரல் இடுக்கு ஊறி, வெளுத்து, பிளந்துவிடும். உரம் போட்ட தண்ணீர் அதில் பட்டால் உயிர் போகும். மறுநாளும் அதே காலோடு அதே சேற்றில் இறங்க வேண்டும். இன்று நடவு இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் பள்ளக்கால் வயலில் அது புதையும், மூலையில் திரும்பாது. அங்கெல்லாம் எங்கள் தெருப் பெண்களின் கால்தான் இறங்குகிறது.

நடவு நாட்களில் சாயங்காலம் எங்கள் தெருவில் ஏதாவது ஒரு வாசலில் உமியைக் கொட்டி மூட்டம் போடுவார்கள். காலைக் கழுவிக்கொண்டு வந்து, சுற்றி உட்கார்ந்து, அந்தச் சூட்டில் நீட்டுவார்கள். ஒருத்தி மருதாணி அரைத்து வருவாள். ஒருத்தி கடுக்காய், ஒருத்தி எண்ணெய். அதில் ஒரு வழக்கம் உண்டு. தன் காலுக்குத் தானே மருந்து போடக் கூடாது. பக்கத்தில் இருக்கிறவள்தான் போட்டுவிட வேண்டும். சாமி சொன்னது, சாத்திரம் சொன்னது என்றெல்லாம் கதை இல்லை. பொழுதெல்லாம் குனிந்து இடுப்பு ஒடிந்தவள் தன் விரல் இடுக்கை எப்படிக் குனிந்து பார்ப்பாள்? அதனால் வந்த வழக்கம்.

'உள்ளிருந்து வெளிப்பக்கமாக' என்பது என் சித்தியின் பேச்சு. யாராவது மாற்றித் தடவினால் கையைத் தட்டிவிட்டு அதைத்தான் சொல்வாள். அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவள் அவள். எங்கள் தெருவில் நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவளும் அவள்தான். வாய் பெரிது. பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நேராகக் கேட்டேன். "சித்தி, நம்ம மருந்தை யாருகிட்டயாவது சொன்னியா?"

"சொன்னேனே. முன்ன ஒரு நடவு அப்ப ரெண்டு பேரு கார்ல வந்தாங்க. நல்ல பிள்ளைங்க. வரப்புல எங்ககூடவே உக்காந்து போன்ல பதிஞ்சாங்க. பிஸ்கட்டு குடுத்தாங்க."

"என்ன சொன்ன?"

"எல்லாத்தையும்தான். வேற யாருக்கும்மா இது தெரியும்னு கேட்டாங்க. எங்க தெருவை விட்டா ஒரு பய மவனுக்கும் தெரியாதுன்னேன்." முகம் முழுக்கப் பெருமை.

டியூபைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ யாருடி? நடவுக்குப் போறவ மாதிரியா இருக்கா? பொண்ணு பாக்க வந்தவ மாதிரி இருக்கா" என்றாள். இது காப்புரிமையாகிவிட்டால் சட்டப்படி அவன் பொருள், நாளைக்கு நாம் ஒரு டப்பாவில் போட்டுச் சந்தையில் விற்றால் நம் மேல் கேஸ் போடலாம் என்று சொன்னேன். அப்புறம்தான் சிரிப்பு போயிற்று.

என்னோடு பள்ளியில் படித்தவள் ஒருத்தி திருவாரூரில் வக்கீலாக இருக்கிறாள். அவளிடம் போனேன். காப்புரிமை கொடுப்பதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம், ஏட்டில் எழுதியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஜனங்கள் வாய்வழியாக அறிந்திருந்தாலே போதும் என்றாள். மனுப் போட்டோம். கம்பெனியின் பதிலும் வந்தது. அதை அவள் எனக்குப் படித்துக் காட்டிய விதம் இப்படி:

"உங்க சித்தியோட குரலையே உங்களுக்கு எதிரா வெச்சிருக்கான்டி. 'எங்க தெருவை விட்டா யாருக்கும் தெரியாது'ன்னு அந்த அம்மாவே சொல்லிருக்காங்க, அதனால இது ஊரறிஞ்ச மருந்து இல்ல, ஒரு சின்னக் கூட்டத்தோட ரகசியம், அவங்க விரும்பித்தான் எங்ககிட்ட குடுத்தாங்கன்னு எழுதிருக்கான்."

"ரகசியம்னா எங்க சொத்துதானே? அதை அவன் எப்படி எடுப்பான்?"

"சட்டம் அப்படிப் பாக்காது. முன்னாடியே ஊருக்கெல்லாம் தெரியும்னு காட்டணும். உங்க தெருவுக்கு வெளியில இருக்கறவங்க வந்து, ஆமா நாங்களும் போட்டிருக்கோம்னு எழுதிக் குடுக்கணும். உங்க சித்தியும் அதையே சொல்லணும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எங்களுடையது என்று சொன்னால் தோற்போமாம். எல்லோருடையதும் என்று சொன்னால் ஜெயிப்போமாம். சொந்தம் என்று சொல்ல ஒன்றுமே வைத்திராதவர்களுக்கு என்றே எழுதிய சட்டம் போல இருந்தது. ஆனால் வேறு வழி கிடையாது. அந்த டியூப்காரனுக்கு இதை விட்டுக்கொடுப்பதா என்ற கேள்விதான் எனக்கு முன்னால் இருந்தது.

சித்தி முடியவே முடியாது என்றாள்.

"எல்லாருக்கும் தெரியும்னு நான் சொல்லணுமா? வாய் அழுவிப் போயிடும்."

"ஜெயிக்கணும்னா சொல்லணும் சித்தி."

"நிலம் அவங்களுது. வாய்க்கா அவங்களுது. கொளத்துல எறங்குற படித்துறைகூட அவங்களுதுன்னு நம்மளை வெரட்டுனாங்க. இது ஒண்ணுதான்டி நம்மளுது. அதையும் பொதுன்னு எழுதிக் குடுக்கச் சொல்ற. அந்தக் கம்பெனிக்காரனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

தெருவில் மற்ற பெண்களைக் கூட்டிப் பேசினேன். அது இன்னும் மோசம். பக்கத்து ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ஒருத்தி, "எங்க ஊர்லயும் இது உண்டுதான், ஆனா நாங்க குப்பைமேனி போடுவோம்" என்று சொல்லி வாய் மூடவில்லை.

"குப்பைமேனியா? அது சொறிக்குப் போடறதுடி!"

"அதான் உங்க காலெல்லாம் இப்படி இருக்கு."

"உங்க ஊர்க் காலை நாங்க பாத்ததில்லையாக்கும்! எருமைக்குளம்பு மாதிரி!"

அன்றைக்கு மருந்தைக் காப்பாற்றும் பேச்சு அத்தோடு முடிந்தது.

தெருவுக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டுக்குப் போனேன். எங்கள் தெரு முழுக்க அவர்கள் நிலத்தில்தான் வேலை செய்தது. இப்போது பாதி நிலம் விற்றுப் போய், பிள்ளைகள் வெளிநாடு போய், பெரியவர் மட்டும் இருக்கிறார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வணக்கம் சார்" என்றேன்.

"உங்க ஜனங்க எல்லாம் ஐயான்னுதான் கூப்பிடுவாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அவங்க உங்க வயல்ல வேலை பாத்தாங்க சார். நான் மெடிக்கல் ஷாப்ல வேலை பாக்கறேன்."

விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"நல்லாத் தெரியுமே. அது எங்க வீட்டு மருந்துதானேம்மா. எங்க தாத்தா காலத்துல வைத்தியரே வெச்சிருந்தோம். சுவடி இருந்துச்சு. பாவம், கால் அழுவுதேன்னு உங்க ஜனங்களுக்கு நாங்கதான் சொல்லிக் குடுத்தோம்."

"அந்தச் சுவடி எங்க சார்?"

"ஒரு வெள்ளத்துல போயிடுச்சு."

"உங்க வீட்ல யாருக்கு சார் சேத்துப்புண் வந்துச்சு?"

"எங்க வீட்ல யாரும் சேத்துல எறங்கறது இல்லையேம்மா."

"அப்ப அந்த மருந்து எதுக்கு சார்?"

பேப்பரை மடித்து வைத்தார். கம்பெனிக்காரன் நம் ஊர்ச் சொத்தைத் திருடுவது தனக்கும் பிடிக்கவில்லை என்றும், பண்ணை வீட்டு மருந்து என்று எழுதினால் கையெழுத்துப் போடத் தயார் என்றும் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

வக்கீல் சிநேகிதிக்குப் போன் செய்தேன். "அதையே வாங்கிடு. யாரு யாருக்குக் குடுத்தாங்கங்கறது இந்தக் கேஸுக்குத் தேவையில்ல. முன்னாடியே இருந்துச்சுங்கறதுதான் தேவை" என்றாள்.

"எனக்குத் தேவை" என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஒரு திருடனை விரட்ட இன்னொரு திருடனிடம் சாவியைக் கொடுப்பதா?

சித்தி வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். பெரியவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். புளித்தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"அவங்க வூட்டு மருந்தா? அவனா சொன்னான்? அவன் ஆத்தாளுக்கு யாருடி போட்டுவிட்டது? மாட்டுக்கொட்டாயில எருவு வார வார அந்த அம்மாவுக்குக் கால் வெந்து போச்சு. மாட்டுக்காரன்கிட்ட சொல்லிவிட்டுச்சு. நான் மருந்தைக் கொண்டுபோயி எலையில வெச்சுட்டு எட்ட நின்னேன். தொட்டா தீட்டாச்சே! அதுவே எடுத்து மேலால பூசிக்கிச்சு. ஆறுமா? ஆறல. மறுபடி கூப்புட்டு அனுப்பிச்சு. தானே போட்டா ஆறாதும்மா, அடுத்தவங்கதான் போடணும்னேன். அங்கயும் இங்கயும் பாத்துட்டு, மாட்டுக்கொட்டா கதவைச் சாத்திட்டு, காலை நீட்டுச்சு. இந்தக் கையாலதான்டி புடிச்சேன். வலி தாங்காம என் தோளைப் புடிச்சுக்கிச்சு. அந்தக் காலு ஆறுனதுக்கு அப்பறம் என்னை வாசல்ல பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போவும்."

அவள் நிறுத்தவில்லை.

"அவன் ஆத்தாளுக்கு மட்டுமா? தரங்கம்பாடியிலேருந்து மீன் கொண்டாருவாளே, உப்புத்தண்ணியில நின்னு நின்னு காலெல்லாம் வெடிச்சுப் போயி, அவளுக்கு வருஷா வருஷம் நான்தான் போடறேன். அக்கரை ஊருக்காரிங்க நடவுக்கு வந்தா நம்ம வாசல்லதான் காலை நீட்டுவாளுவ. கொளம்பு வெந்த மாட்டுக்குக்கூட வந்து வாங்கிட்டுப் போயிருக்கானுவ. ஊருல எவன் வூட்டுக் காலுடி இந்தக் கையில படாம இருக்கு?"

"சித்தி, இதைத்தான் எழுதிக் குடுக்கணும்."

"எது?"

"இப்ப சொன்னது. அப்படியே."

புளித்தட்டை இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். "எல்லாருக்கும் தெரியும்னு நான் சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் நாங்க போட்டோம்னு சொல்லுவேன். அப்படி எழுதிக்கச் சொல்லு" என்றாள்.

அப்படியே எழுதினோம். சிநேகிதி அதைச் சட்ட மொழிக்கு மாற்றினாலும் அந்த வாக்கியத்தை மாற்றவில்லை. மீன் விற்கிற அம்மா திருவாரூர் வரைக்கும் வந்து கைநாட்டு வைத்தார். அக்கரை ஊர்ப் பெண்கள் வந்தார்கள். குப்பைமேனிக்காரியும் வந்தாள். தன் ஊரில் குப்பைமேனிதான் என்பதைச் சேர்த்து எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். சேர்த்து எழுதினோம்.

இது எப்படியோ பண்ணை வீட்டுக்குப் போய்விட்டது. பெரியவர் நேராக வரவில்லை. தன் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவரை எங்கள் கடைக்கு அனுப்பினார். தலைவலி மாத்திரை வாங்க வந்தவர் போல நின்றுவிட்டு, கூட்டம் குறைந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"செத்துப்போனவங்களைப் பத்தி எழுதறது நல்லாவா இருக்கு? அந்த ஒரு விஷயத்தை எடுத்துட்டா, மருந்து உங்க தெரு மருந்துதான்னு ஐயா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேங்கறாரு. நல்ல கௌரவமான சாட்சி. யோசிங்க."

சிநேகிதிக்கு இது நல்ல பேரம் என்று பட்டது. "கேட்டதே கிடைக்குதுடி. உங்க தெரு மருந்துன்னு அவர் வாயாலேயே வருது. வேற என்ன வேணும்?" என்றாள். தப்பில்லை. வக்கீல் அப்படித்தான் பேச வேண்டும்.

சித்தியிடம் சொன்னேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"தொட்டது பொய்யின்னு எழுதச் சொல்றானா?"

"பொய்யின்னு இல்ல. எழுத வேணாங்கறாரு."

"ரெண்டும் ஒண்ணுதான். அவன் கையெழுத்தை அவனே வெச்சுக்கட்டும். அந்தக் காலு இருக்கட்டும்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இதில் இறந்தவரை அவமானப்படுத்த என்ன இருக்கிறது? அந்த அம்மாவும் எரு அள்ளி அள்ளிக் கால் வெந்தவர். வலித்தபோது எங்கள் சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டவர். அவமானம் காலில் இல்லை. சாத்திய கதவில் இருக்கிறது. அதை மறைக்க எங்கள் மருந்தை எங்களுக்கே இனாமாகக் கொடுக்கிறேன் என்கிறார். வந்தவரிடம் மாத்திரையையும் மீதிச் சில்லறையையும் கொடுத்தேன். "எடுக்க முடியாதுன்னு சாருகிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

விசாரணை வீடியோவில் நடந்தது. சிநேகிதியின் ஆபீசில் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கம்பெனி வக்கீல் சித்தியின் குரலைப் போட்டுக் காட்டினார். வரப்பில் காற்று இரைகிறது, யாரோ பின்னால் குலவையிடுகிறார்கள், நடுவில் சித்தி பெருமையாக, "ஒரு பய மவனுக்கும் தெரியாது" என்கிறாள். திரையில் இருந்த ஒருவர் சிரிப்பை அடக்கினார். சித்தி என் காதில், "நல்லாத்தான்டி பேசிருக்கேன்" என்றாள். எங்கள் பக்கம் அவளுடைய வாக்குமூலம் வாசிக்கப்பட்டது. போடத் தெரிந்தவர்கள் நாங்கள், போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் என்று அதில் இருந்தது. யார் யாருக்கு, எங்கே வைத்து என்பதும் இருந்தது. மாட்டுக்கொட்டகையும் இருந்தது.

பல மாதம் கழித்து உத்தரவு வந்தது. காப்புரிமை மறுக்கப்பட்டது. தெருவுக்கு வெளியே இருந்த கூலிக்காரர், மீன் விற்பவர், நிலக்காரர் வீடு வரைக்கும் இந்த மருந்து பயன்பட்டிருக்கிறது, ஆகவே இது புதிதல்ல என்று அதில் கண்டிருந்தது. எடுக்கச் சொன்ன அந்தக் காலும் சேர்ந்துதான் எங்களை ஜெயிக்க வைத்தது. ஊரில் யாராவது கேட்டால் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதை வெற்றி என்று சொல்லி யாரும் எனக்கு மாலை போட வேண்டாம். டியூப் இன்னும் விற்கிறது. பொடி எழுத்தில் இருந்த அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டார்கள். திருட்டுக்குப் பட்டா கொடுக்க மறுத்தார்கள், அவ்வளவுதான். திருடியதைத் திருப்பி வாங்கித் தரவில்லை. உத்தரவில் 'அப்பகுதி மக்களின் அறிவு' என்று போட்டிருந்தது. சித்தி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்பகுதின்னா எந்தப் பகுதி? நம்ம தெருப் பேரு எங்க?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப பாதிதான் ஜெயிச்சிருக்கோம்" என்றாள்.

ஊராட்சியில் ஒரு பதிவேடு உண்டு என்று சிநேகிதி சொன்னாள். ஊரில் உள்ள செடி கொடி, அவற்றைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்று எழுதி வைக்க வேண்டிய பதிவேடு. சட்டமே அப்படிச் சொல்கிறது. நாளைக்கு எவனாவது வந்தால் முதலில் அதைத்தான் புரட்ட வேண்டும். கிராம சபைக் கூட்டம் நடந்த அன்று தெருப் பெண்கள் எல்லோரும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். பெரியவரும் வந்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை.

ஊராட்சி எழுத்தர் எழுத ஆரம்பித்தார். மருந்தின் பெயர், சேர்மானம், போடும் முறை எல்லாம் சரியாகத்தான் எழுதினார். அறிந்தவர்கள் என்ற இடத்தில் 'கிராம மக்கள்' என்று எழுதினார்.

"எந்த மக்க?" என்றாள் சித்தி.

"எல்லாரும்தாம்மா. தெருப் பேரெல்லாம் போட்டா வீணா பிரச்சினை வரும்."

"ரேஷன் கார்டுல எங்க தெருப் பேரு இருக்கு. ஓட்டு லிஸ்ட்ல இருக்கு. பொணம் எந்தப் பாதையில போவணும்னு சொல்றப்ப எங்க தெருப் பேரு எல்லாருக்கும் ஞாபகம் வருது. இதுல போட்டா மட்டும் பிரச்சினையா?"

எழுத்தர் பெரியவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெரியவர் கூரையைப் பார்த்தார். எழுத்தர் பேனாவை எடுத்து, எங்கள் தெருவின் பெயரை எழுதினார். எழுதிவிட்டு, பக்கத்திலேயே 'மற்றும் பண்ணை வீட்டார்' என்று சேர்த்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தேன்.

"அதை அடிங்க" என்றேன்.

"பதிவேட்டுல அடித்தல் திருத்தல் கூடாதும்மா."

"அப்ப புதுப் பக்கம் எடுங்க."

எடுத்தார்.